பல்மா கப்பலில் நான் கேட்காத செய்தி

1

போன செவ்வாய்க்கிழமை காலை எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. ஸ்பெயின் நாட்டுப் பயணிகள் கப்பல் கம்பனி ஒன்று அனுப்பியது. "அன்புள்ள திரு. அளவெட்டி, நீங்கள் எங்களோடு பயணம் செய்து ஒரு வருடமாகிவிட்டது. உங்களை நாங்கள் மறக்கவில்லை. மறுபடியும் வாருங்கள்" என்று எழுதி, விலையில் கழிவும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கீழே ஒரு படம். வெள்ளைக் கப்பல், நீலக் கடல், மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொப்பி போட்ட பெண்ணொருத்தி சிரிக்கிறாள்.

என் பெயர் அளவெட்டி இல்லை. அது நான் பிறந்த ஊர். கப்பலுக்குப் பதியும்போது கம்பனியின் இணையத்தளம் இரண்டாவது குடும்பப் பெயரையும் கேட்டது. ஸ்பெயின்காரருக்குத் தகப்பன் வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என்று இரண்டு உண்டாம். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்று அது அடம் பிடித்தது. பதிந்து தந்த என் மகள் அபிரா, "எதையாவது போடுவம் அப்பா" என்று ஊரின் பெயரைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து மத்தியதரைக் கடலில் நான் திரு. அளவெட்டி.

நான் வாழும் இந்த லண்டனில் என்னை ஞாபகம் வைத்திருப்பவை கம்பனிகள்தான். பிறந்தநாளுக்குப் பல் வைத்தியர் வாழ்த்து அனுப்புகிறார். புதுவருடத்துக்கு என் வான் வண்டியின் இன்சூரன்ஸ்காரர் வாழ்த்துகிறார். இப்போது கப்பலும் சேர்ந்துவிட்டது. வழக்கமாக இப்படியானவற்றை வாசிக்காமலே அழித்துவிடுவேன். இதை அழிக்க மனம் வரவில்லை. இந்த மாதம் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்களுக்கு ஒரு வருடம் நிறைகிறது. ஒன்று அபிராவின் கலியாணம். மற்றது என் அண்ணையின் சாவு. போன வருடம் இரண்டுக்கும் நடுவில் அந்தக் கப்பலில் நான் இருந்தேன்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் தொழிலைச் சொல்லவேண்டும். லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் இருந்துகொண்டு மணவறை வாடகைக்கு விடுகிறேன். சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூட மண்டபங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் வானில் கொண்டுபோய்ப் பூட்டுவேன். தாலி கட்டி, படம் எடுத்து, சாப்பிட்டு எல்லோரும் போன பிறகு கழற்றி ஏற்றுவேன். தூண்கள், மேல்வளைவு, முன்னால் நிற்கும் இரண்டு யானைகள் என்று எல்லாம் ஃபைபர்கிளாஸ் என்ற கண்ணாடி நாரில் வார்த்தவை. பார்க்கத்தான் கனம், தூக்கினால் அவ்வளவு இல்லை. ஆனாலும் இந்த வயதில் குனிந்து நிமிர மாட்டாத என் நாரிக்கு அது கனம்தான்.

முதல் மணவறையை நான் லண்டனில் செய்யவில்லை. ஜேர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் அண்ணையும் நானும் சேர்ந்து செய்தோம். எனக்கு முன்னரே ஜேர்மனிக்கு வந்தவர் அவர். என்னைக் கூப்பிட்டதும் அவர்தான். பகலில் ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. எங்களோடு முகாமில் இருந்த ஒரு பெடியனுக்குக் கலியாணம் சரிவந்தபோது, தேவாலயமொன்றின் கீழ்மண்டபத்தை இரக்கப்பட்டுத் தந்தார்கள். மணவறைக்கு எங்கே போவது? அண்ணை எங்கேயோ போய் ஃபிரிட்ஜ் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை ரெஜிபோமை வாரிக்கொண்டு வந்தார். கம்பியைச் சூடாக்கி அதைத் தூண் தூணாக வெட்டினார். யானையும் வெட்டினார். அது பன்றி மாதிரி வந்தது. "மூக்கை நீட்டிவிட்டாச் சரிவரும்" என்று இன்னொரு துண்டை ஒட்டினார்.

அந்தக் காலத்தில் அகதிகள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. கலியாணம் அடுத்த மாவட்டத்தில். அனுமதிக் கடிதம் கேட்டு வெளிநாட்டவர் கந்தோருக்கு மூன்று தரம் போனோம். பயணத்தின் நோக்கம் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். அண்ணை தன் அரைகுறை ஜேர்மன் மொழியில், "யானை கொண்டுபோகவேணும்" என்றார். அவள் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். கடைசியில் முத்திரை குத்தினாள்.

பிறகு நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று ஐரோப்பாவில் இருந்து எங்கள் ஆட்கள் வரிசையாகக் கிளம்பிய காலம் அது. அண்ணை வரவில்லை. "எனக்கு இந்த ஒரு பாஷையே போதும் தம்பி, திரும்ப முதலில இருந்து தொடங்க ஏலாது" என்றார். அவர் சொன்னது சரி. அபிரா ஆங்கிலத்தில் நன்றாகத்தான் படித்தாள். படித்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய், ஸ்பானிய மொழி பழகி, மயோர்க்காத் தீவில் ஒரு ஹோட்டலில் வேலை எடுத்து, அந்தத் தீவுக்காரனான மார்க்கைக் கலியாணம் பேசிக்கொண்டு வந்தாள். நாங்கள் ஒரு கடலைத் தாண்டினால் பிள்ளைகள் இன்னொரு கடலைத் தாண்டுகிறார்கள். இதில் கோபிக்க என்ன இருக்கிறது? ஆனால் களைப்பாக இருக்கிறது.

3

கலியாணம் தீவிலேயே, ஹோட்டல் புல்வெளியில் என்று முடிவானது. ஹோட்டல்காரர் பூ வளைவு ஒன்று வைப்பார்களாம், அது போதும் என்றாள் அபிரா. எத்தனையோ பேரின் பிள்ளைகளை மணவறையில் இருத்தியவன் என் பிள்ளையை ஹோட்டல் பூ வளைவுக்குக் கீழே நிற்க விடுவதா? என் மனைவி வசந்தியும் நானும் அவளோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினோம்.

தீர்த்துவைத்தது அண்ணை. அப்போது அவர் ஜேர்மனியில், டோட்முண்டில் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். நெஞ்சில் தண்ணீர் கட்டி, எடுத்து, மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தது. படுக்கையில் இருந்தே போனில் அபிராவைக் கூப்பிட்டு, "பிள்ளை, உன்ர கொப்பன் செய்யிற ஒரே உருப்படியான வேலை அதுதான். அதைச் செய்ய விடு" என்றார். பெரியப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை. என்னிடம், "நீ இஞ்சால வந்து சுத்தாதை. நேர அங்க போ. கலியாணம் முடிய ரெண்டு பேரும் வந்து என்னோட நில்லுங்கோ" என்றார்.

வசந்தியும் அவளுடைய தம்பி ரஞ்சனும் மற்றச் சொந்தக்காரரும் விமானத்தில் போனார்கள். மணவறை விமானத்தில் போகாது. கலேயில் கரையேறி, பிரான்சைக் குறுக்கே கடந்து, பார்சலோனாவில், மயோர்க்காவின் பல்மாத் துறைமுகத்துக்குப் போகும் அந்தக் கப்பலில் வானை ஏற்றவேண்டும். நான் தனியாகக் கிளம்பினேன்.

கலேயில் சுங்க அதிகாரி வானைத் திறக்கச் சொன்னார். பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகிய பிறகு, ஒரு யானையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதற்கும் கடதாசி வேண்டும். கதவைத் திறந்ததும் யானையின் தலை அவருடைய முகத்துக்கு நேரே நின்றது. "கோயிலா?" என்று கேட்டார். "கதிரை" என்றேன். "என் மகள் ஒரு மணித்தியாலம் இருப்பதற்கு." அவர் சிரித்துக்கொண்டு கடதாசியில் குத்தித் தந்தார். அண்ணையின் முத்திரைக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். இதை அவருக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் வீதி பிரிகிறது. ஒரு பலகை பெல்ஜியத்தைக் காட்டியது. அந்தப் பக்கம் போனால் பின்னேரத்துக்குள் அண்ணையின் கட்டிலடியில் நிற்கலாம். மற்றப் பலகை பாரிஸ் என்றது. அவர் சொன்னபடி நான் பாரிஸ் பக்கம் திருப்பினேன்.

4

இனி ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரத்த உறவில் ஒருவர் செத்தால் எங்களுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் இல்லை, நல்லகாரியம் இல்லை. தமையன் செத்தால் தம்பி மகளைத் தாரைவார்த்துக் கொடுக்க ஏலாது. கலியாணத்தைத் தள்ளிவைக்கவேண்டும். ஆனால் துடக்கு சாவில் தொடங்குவதில்லை, கேள்விப்படுவதில்தான் தொடங்குகிறது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. காதில் விழுந்தால் உடனே தலையில் தண்ணீர் வார்த்து முழுகவேண்டும். விழாதவரைக்கும் ஒன்றும் இல்லை. ஆகவே கலியாண வீட்டுக்குச் சாவுச் செய்தி போகாது. சுற்றியிருக்கிறவர்கள் ஒளித்துவிடுவார்கள். ஊரில் பிரேதத்தை வைத்திருக்க வழியில்லை. இங்கே ஆஸ்பத்திரியின் குளிர் அறை எத்தனை நாளும் பொறுத்திருக்கும். கலியாணம் முடியட்டும், பிறகு செத்தவீடு என்று வைத்துக்கொள்ளலாம். புலம்பெயர்ந்ததால் எங்களுக்குக் கிடைத்த வசதிகளில் அதுவும் ஒன்று.

மணவறைக்காரனுக்கு இதெல்லாம் தெரிந்துவிடும். விம்பிள்டனில் ஒரு கலியாணத்தில், மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கனடாவில் இருந்த தங்கச்சி அன்று விடியப்புறம் தவறிவிட்டார். கார் தரிப்பிடத்தில் நாலு பேர் தலையைச் சேர்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் வந்து விசயத்தைச் சொல்லி, "அண்ணை, முகத்தில காட்டிப்போடாதையுங்கோ" என்றார். அன்று முழுக்க அந்தத் தகப்பனோடு ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பகிடி விட்டுச் சிரிக்கவில்லை. போகிற வருகிற எல்லோரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். நல்லகாரியத்தில் ஒரு மனிதனுக்குத் திடீரென்று இவ்வளவு மரியாதை கிடைத்தால் அவன் யோசிக்கவேண்டும். அவர் யோசிக்கவில்லை. பாவம், சந்தோசமாக இருந்தார்.

என் அம்மாவின் சாவுச் செய்தி போனில் வந்தது தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு. ரிசீவரை வைத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போய், உடுப்போடு தொட்டிக்குள் இருந்து தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தபோது அபிரா கதவடியில் சம்மணம் கட்டிக்கொண்டு இருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. "ஏன் அப்பா இப்ப குளிக்கிறீங்கள்?" என்று கேட்டாள். வசந்திதான் ஏதோ சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

5

பிரான்சில் போன் ஓயவில்லை. ரஞ்சன் ஊரே சிரிக்கிற மாதிரிக் கதைப்பவன். என்னுடைய வானுக்குத் 'தேர்' என்று பெயர் வைத்திருக்கிறான். "அத்தான், தேர் எங்க வருகுது? வடம் பிடிக்க ஆள் வேணுமோ?" என்று மணிக்கொரு தரம் எடுத்தான். இரவு அண்ணி எடுத்து, அண்ணை கொஞ்சம் கஞ்சி குடித்தார் என்றார்.

மறுநாள் காலை பார்சலோனாத் துறைமுகத்தில் வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன். விடிந்ததில் இருந்து ஒருவரும் எடுக்கவில்லை. போன் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். பழுதில்லை. நானே ரஞ்சனை எடுத்தேன்.

"அத்தான், சாப்பிட்டியளோ?"

"ஓம். கப்பலுக்கு நிக்கிறன்."

"சரி அத்தான். கவனமா வாங்கோ. ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, இங்க எல்லாம் நாங்கள் பாக்கிறம்."

தேர் இல்லை. வடம் இல்லை. நான் போனை வைக்க முதல் அவனே தொடர்ந்தான்.

"பெரியத்தானும் சுகமா இருக்கிறார். இப்ப நித்திரையாம். நீங்கள் எடுத்துக் குழப்பாதையுங்கோ."

அண்ணையைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

பின்னால் இருந்த வாகனம் ஹோர்ன் அடித்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் கையை ஆட்டி என்னைக் கப்பலின் வயிற்றுக்குள் கூப்பிட்டான். வானை அவன் காட்டிய இடத்தில் நெருக்கி நிறுத்தினேன். சில்லுகளுக்குக் கட்டை வைத்தார்கள். வானோடு நின்றுகொள்ளலாமா என்று கேட்டேன். ஒருவரும் கீழே நிற்கக்கூடாது, கப்பல் கரைசேரும்வரை கதவு திறக்காது என்றான். யானைகளைக் கீழே விட்டுவிட்டுப் படியேறினேன்.

6

படத்தில் இருக்கிற கப்பல் வேறு, உள்ளே இருக்கிற கப்பல் வேறு. நான் எடுத்தது சாய்கதிரை. பஸ்ஸில் இருக்கிற மாதிரி வரிசையாக இருக்கும். லொறிச் சாரதிகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள். கோப்பிக் கடையில் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட தடித்த ரொட்டி விற்றார்கள். அறிவிப்புகள் மூன்று மொழிகளில் வந்தன, மூன்றும் ஒரே தூக்கக் குரலில். மேல்தட்டில் நாய்களுக்கென்று ஒரு மூலை. அங்கே மட்டும்தான் யாரோ சந்தோசமாக இருந்தார்கள்.

கரை மறையும்போது போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து போயின. பிறகு கப்பலின் சொந்த வலையமைப்பு வந்தது. இதைப் பாவித்தால் பில் எகிறும் என்று ஒரு எச்சரிக்கை. வரவேற்பு மேசையில் இருந்த பெண் வைஃபை விற்றுக்கொண்டிருந்தாள். நான் வங்கி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அண்ணியின் நம்பரை அமத்தினால் போதும். அவருடைய குரலின் முதல் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்தால்? இந்தக் கப்பலிலேயே நான் துடக்குக்காரன். நாளைக்கு அபிராவின் கையை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. மார்க்கின் சனம் அந்தத் தீவின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு என்னவென்று சொல்லுவது? அண்ணை போனில் அவ்வளவு மினக்கெட்டுக் கதைத்தது எதற்காக?

"வைஃபை, சார்?" என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம்" என்றேன். போனை நிறுத்தி மேற்சட்டைப் பைக்குள் போட்டேன். என் வாழ்க்கையில் போனை வேண்டுமென்று நிறுத்தியது அன்றுதான்.

பக்கத்துக் கதிரையில் என் வயதில் ஒரு சாரதி. மயோர்க்காக்காரர், தொமேயு என்று பெயர். ஆங்கிலம் ஓடவில்லை. ஆனால் இளமையில் உல்லாசப் பயணிகளின் பெட்டி தூக்கி ஜேர்மன் மொழி பழகியிருந்தார். எனக்கும் அது தெரிந்தபோது அவருக்குப் பெரிய ஆச்சரியம். ஸ்பெயின் கப்பலில், ஸ்பெயின்காரரும் அளவெட்டிக்காரனும் ஜேர்மன் மொழியில் கதைத்தோம். எனக்கு அந்த மொழியைச் சொல்லித்தந்தது அண்ணை. ஆகவே அதன் பிழைகளும் அவருடைய பிழைகள்தான். தொமேயு ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை நீட்டினார். என்ன ஏற்றுகிறாய் என்று கேட்டார். மகளின் கலியாணத்துக்கு மணவறை என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யார் செய்தது?"

"நான். முதல் ஒன்றை அண்ணனும் நானும்."

"அண்ணன் இருக்கிறாரா?"

"இருக்கிறார்" என்றேன். அது பொய் இல்லை. இல்லை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

தோடம்பழத்தைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். எழும்பி நாய்கள் நிற்கிற மூலைக்குப் போனேன். அங்கே ஒருவருக்கும் ஒரு மொழியும் தேவையில்லை. அழவில்லை. அழுதால் கேள்விப்பட்டதாக ஆகிவிடும் என்று பயந்தேன். இப்படியொரு கணக்கை எந்தச் சாமி போட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கரை தெரியும்வரை என் அண்ணை எனக்கு உயிரோடு இருந்தார். அவருடைய ரெஜிபோம் யானையைப் பற்றியும் கலேக்காரனின் கேள்வியைப் பற்றியும் அவரோடு மனதுக்குள் கதைத்துக்கொண்டே வந்தேன்.

7

துறைமுகத்துக்கு ரஞ்சன் வந்திருந்தான். வசந்தி வந்திருந்தாள். இருவரும் ஒரே குரலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். வசந்தியின் கண்கள் வீங்கியிருந்தன. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

மறுநாள் கடற்காற்றில் மணவறை ஆடாமல் இருக்க யானைகளின் கால்களை வான் கயிற்றால் கட்டினேன். ரஞ்சன் தேவைக்கு மேல் சத்தமாகப் பகிடி விட்டான். மாலையை இடப்பக்கம் வையுங்கள் என்று நான் சொன்னால் வைத்தார்கள், வலப்பக்கம் என்றாலும் வைத்தார்கள். ஒரு கலியாண வீட்டில் என் சொல் அப்படி எடுபட்டது அன்றுதான். தாரைவார்க்கும்போது அபிரா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். மணப்பெண் தகப்பனின் கையை இறுக்குவது புதிதில்லை, நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஐயர் சொன்னதைச் சொன்னேன். வசந்தி செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை, என்னுடையதை அவளும் பார்க்கவில்லை. மேளம் முழங்க மார்க் தாலியைக் கட்டினான். அவனுடைய தாய் அழுதார். நல்லது, அழ அவருக்காவது உரிமை இருந்தது.

அதற்கடுத்த நாள் மணவறையைக் கழற்றி ஏற்றினோம். வேலை முடிந்ததும் வசந்தி வந்து, "நான் பிளேன்ல போகேல்லை. உங்களோட வாறன்" என்றாள்.

அவளுக்குக் கப்பல் ஆகாது. சண்டைக் காலத்தில் பாதை பூட்டியிருந்தபோது காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் வந்தவள். வழி முழுக்கச் சத்தி எடுத்து, இனிமேல் செத்தாலும் கப்பலில் கால்வைக்க மாட்டேன் என்று சொன்னவள்.

"உனக்குச் சத்தி வருமல்லோ?"

"வந்தா வரட்டும்."

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை.

8

துறைமுக வரிசையில் நின்றபோது அபிரா மார்க்கின் ஸ்கூட்டரில் தனியாக வந்தாள். வான் யன்னலுக்குள் தலையை நீட்டினாள். கையில் மருதோன்றி இன்னும் சிவப்பாக இருந்தது. என்னோடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் கதைப்பவள், அன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

"அப்பா, நான் உங்கட சீட்டை மாத்திட்டன். ரெண்டு பேருக்கும் கபின் எடுத்திருக்கிறன்."

"ஏன் பிள்ளை? பகல்தானே, கதிரை காணும்."

"கபினில ஷவர் இருக்கு." யன்னல் விளிம்பைப் பிடித்தாள். "சுடுதண்ணி வருமாம். நான் போன் பண்ணிக் கேட்டனான்."

வசந்தி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது.

"ஓம் பிள்ளை" என்றேன்.

"இறங்கி லண்டனுக்குப் போகேல்லைத்தானே? நேர பெரியப்பாட்டைத்தானே?"

"ஓம்."

"நானும் மார்க்கும் அங்க வந்திடுவம்."

எப்போது தெரியும் என்று அவளை நான் கேட்கவில்லை. என்னையும் அவள் கேட்கவில்லை. அண்ணையின் மகன் முதலில் எழுதியது அவளுக்குத்தானாம். பெரியவர்கள் கார் தரிப்பிடத்தில் தலையைச் சேர்த்துக் கதைக்கத் தொடங்குவதற்கு முதலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் பிறகுதான் அறிந்தேன். தமிழ் எழுத வராத, வழக்கம் எதுவும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மணவறையில் இருந்து சிரித்திருக்கிறாள். ஏழு வயதில் குளியலறைக் கதவடியில் இருந்தவள் கேட்ட கேள்விக்கு வசந்தி அன்று சரியான பதில்தான் சொல்லியிருக்கிறாள்.

மஞ்சள் சட்டைக்காரன் கையை ஆட்டினான். வானைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தோம். கபின் ஒரு அலுமாரியளவு. இரண்டு கட்டில், ஒரு வட்ட யன்னல், ஒரு சின்னக் குளியலறை. வசந்தி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கப்பல் இன்னும் அசையவே இல்லை. துவாயை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"முழுகுங்கோ. நான் பிறகு முழுகிறன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே குழாய் இல்லை, சுவரில் ஒரு பொத்தான். அமத்தினால் கொஞ்சம் தண்ணீர் வரும், தானாக நின்றுவிடும். உடுப்பைக் கழற்றவில்லை. பொத்தானை அமத்தினேன். பிள்ளை சொன்னபடி சுடுதண்ணீர்தான். அது தலையில் விழுந்தபோதுதான் என் அண்ணை செத்தார்.

தண்ணீர் நின்றது. நான் மறுபடியும் அமத்தினேன்.